யாழ்ப்பாணத்தில் பழைய தாள் தேடி

யாழ் நகரம்

யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளில் காலைப் பத்திரிகையை யாரும் முதல் பக்கத்திலிருந்து பிரிப்பதில்லை. நேரே மரண அறிவித்தல் பக்கத்துக்குப் போகிறார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரே அச்சில் வார்த்த வாசகம்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவர். பிள்ளைகளின் பெயரை ஒட்டி கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ் என்று நாடுகள். புங்குடுதீவில் பிறந்து, கொழும்பில் வேலை பார்த்து, டொரன்டோவில் கண்ணை மூடிய ஒருவரின் எழுபது எண்பது வருஷங்கள் நான்கு அங்குலத்தில் அடங்கிவிடுகின்றன. பக்கத்து மேசைப் பெரியவர் விரலை வைத்து வரி வரியாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இவர் எங்கட ஸ்ரேசன் மாஸ்ரரின்ர மருமோன் எல்லோ!" கடையில் இருந்த நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் முதல் பக்கம், அரசியல்.

மயிலாடுதுறைப் பக்கம் வளர்ந்த என் தலைமுறைக்கு இந்த வாசகம் பழக்கமானது. சினிமாப் பாட்டுக்காக இலங்கை வானொலியைத் திருப்பி வைத்திருப்போம். நடுவே மரண அறிவித்தல் வரும். மானிப்பாய், சுன்னாகம், வட்டுக்கோட்டை, தெல்லிப்பழை என்ற பெயர்களை இறந்தவர்களின் ஊர்களாகத்தான் முதலில் கேட்டோம். பின்னாளில் அதே பெயர்கள் குண்டுவீச்சுச் செய்திகளில் வந்தன. இந்த ஊர்களில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிக் கழிந்தது, யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கிணறு வற்றியது, பள்ளிக்கூடத்தில் என்ன சண்டை என்பதெல்லாம் எங்கள் காதுக்கு எட்டவேயில்லை. அதைச் சொல்லக்கூடியவை பழைய உள்ளூர்த் தாள்கள்தான்: சபைப் பத்திரிகை, பள்ளி மலர், வாசிகசாலை இதழ். அவற்றைப் பார்க்கவே போனேன்.

முதலில் எல்லோரும் போகிற இடத்துக்குப் போனேன். பொது நூலகம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. 1933இல் செல்லப்பா என்பவர் தம் வீட்டிலேயே வைத்துத் தொடங்கிய சிறு வாசிகசாலையிலிருந்து வளர்ந்தது இது. கட்டடத்தை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். ஆலோசனை சொன்னவர் எங்கள் சீர்காழிக்காரர், நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன். 1959இல் திறந்தார்கள். 1981 மே 31 இரவு எரித்தார்கள். எரிந்தவை 97,000 நூல்கள் என்பது கணக்கு. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. தூரத்திலிருந்து தீயைக் கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார்.

எரிந்த ஏடுகளையும் அரிய நூல்களையும் பற்றி நிறைய எழுதியாயிற்று. அவற்றோடு கட்டிவைத்த பழைய பத்திரிகைக் கோப்புகளும் போயின என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. புத்தகத்துக்கு வேறு படி எங்காவது கிடைக்கும். இருநூறு படி அச்சிட்ட ஒரு சங்க இதழுக்கு எங்கே போவது? "வீடுகளிலதான் தேட வேணும்" என்றார் அங்கே எனக்கு வழிகாட்டிய இளைஞர். "பரணில கிடக்கும், இல்லாட்டி மாமி ஆராவது ட்ரங்குப் பெட்டியில வச்சிருப்பா. வெளிநாட்டுக்குக் கொண்டுபோன ஆக்களிட்டயும் இருக்கு." 2005இல் சில தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் இந்த வேலையைத்தான் செய்துவருகிறது. பள்ளி மலர், கோயில் கும்பாபிஷேக மலர், சங்க அறிக்கை, துண்டுப் பிரசுரம் என்று எதையும் தள்ளாமல் மின்படி எடுத்து வைக்கிறார்கள். எதைக் காப்பது, எதை விடுவது என்று தரம் பிரிக்காததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஒரு நகரமே எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தாராளம் வந்திருக்கிறது. நம்மூரில் இன்னும் வரவில்லை.

வண்ணார்பண்ணை, மானிப்பாய்

நகரத்தை விட்டு வெளியேறியதும் முதலில் கண்ணில் படுவது வேலி. எங்கள் ஊரில் தெருவைப் பார்த்தபடி திண்ணை இருக்கும். வீட்டுக்குள் நடப்பதில் பாதி தெருவுக்குத் தெரியும். இங்கே ஒழுங்கைக்கு ஒழுங்கை கிடுகு வேலி, தகர வேலி, இப்போது உயரமான மதில். உள்ளே வீடு இருப்பதே தெரியாது. இப்படி மறைந்து வாழும் ஊருக்கு ஒருவர் செய்தியை ஒருவருக்குச் சொல்லப் பத்திரிகை தேவைப்பட்டதில் வியப்பில்லை என்று தோன்றியது. ஓட்டோ ஓட்டிய தம்பியிடம் சொன்னேன். "வேலிக்கும் பொட்டு இருக்குதுதானே அண்ணை" என்றார் அவர். வேலியில் ஆள் நுழையும் சின்ன வழிக்குப் பொட்டு என்று பெயர். செய்தி அந்த வழியாகத்தான் ஓடுமாம், பத்திரிகை எல்லாம் பிந்தித்தானாம்.

வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் 1848இல் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை இருக்கும் பக்கம் சற்று நின்றேன். மறு வருடமே அவர் கடல் கடந்து தமிழகம் வந்து ஓர் அச்சுப்பொறி வாங்கிக்கொண்டு திரும்பினார். சைவர்களுக்கும் மிஷனரிமாருக்கும் நடந்த சண்டையில் இரு தரப்பும் எடுத்த ஆயுதம் அச்சுதான். 1841இல் அமெரிக்க மிஷன் 'உதயதாரகை'யைத் தொடங்கியது. 1876இல் கத்தோலிக்கர்களின் 'பாதுகாவலன்' வந்தது. 1889இல் சைவ பரிபாலன சபையின் 'இந்து சாதனம்' வந்தது. மூன்றும் சமயம் வளர்க்கப் பிறந்தவை. இன்றைக்குப் புரட்டினால் சமய வாதங்களைத் தாண்டிக் குதித்து, ஓரத்துப் பொடிச் செய்திகளுக்குத்தான் கண் போகிறது. அரிசி என்ன விலை, எந்த ஊரில் பேதி, எந்தக் கப்பல் வந்தது, யாருக்கு உத்தியோகம் உயர்ந்தது. ஆசிரியர்கள் முக்கியமென்று நினைத்ததைக் காலம் ஒதுக்கிவிட்டது. இடம் நிரப்பப் போட்டது நின்றுவிட்டது.

மானிப்பாய்க்கு அச்சகம் வந்து சேர்ந்த கதை ஒரு சிறுகதைக்குப் போதும். 1820இல் காரெட் என்ற அச்சுத் தொழிலாளி அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார். ஆங்கிலேய ஆளுநர் பார்ன்ஸ் அவரைத் தங்கவிடவில்லை. அமெரிக்கன் கையில் அச்சுப்பொறியா என்ற சந்தேகம். காரெட் பம்பாய்க்குப் போக நேர்ந்தது. பொறி நல்லூரில் இருந்த ஆங்கிலேய மிஷன்காரர்கள் கைக்குப் போனது. ஆளுநர் மாறி, காலம் மாறி, 1834இல் மைனர் என்ற அச்சுக்காரர் வந்த பிறகுதான் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் உயிர்பெற்றது. இந்த மானிப்பாயிலேயே பிஷ் கிறீன் என்ற வைத்தியர் உடற்கூற்றையும் சத்திர சிகிச்சையையும் தமிழில் கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் அச்சிட்டார். அவர் வந்தது 1847இல். தமிழில் மருத்துவம் படிக்க முடியுமா என்று நாம் இன்னும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

உதயதாரகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரைக் கேட்டு வெள்ளைக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்கள். மிஷன் விடுதியில் ஒரு பிள்ளையைப் படிக்கவைக்கப் பணம் அனுப்பும் அமெரிக்கர், தமக்குப் பிடித்த பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கச் சொல்லலாம். கடல் தாண்டி முகமே பார்க்காத ஒருவரின் விருப்பப்படி பெயர் பெற்ற பையன்கள் வளர்ந்து, தமிழும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்திரிகை நடத்தினார்கள். மாதம் இருமுறை வந்த அந்தத் தாளில் கல்வி, அறிவியல், பயிர்த்தொழில், அரசு அறிவிப்பு, சமயம், ஊர்ப் புதினம் எல்லாம் உண்டு.

வட்டுக்கோட்டை

நாங்கள் ஆற்றுக்காரர்கள். எங்கள் பக்கம் எந்தப் பேச்சும் மேட்டூர் திறந்தாச்சா என்பதில் போய் நிற்கும். குடாநாட்டில் ஆறு என்று சொல்ல மழைக்கு ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். மற்றதெல்லாம் சுண்ணக்கல்லுக்கு அடியில் தேங்கிய நீர், அதை எடுக்கக் கிணறு. மானிப்பாயிலிருந்து வட்டுக்கோட்டைக்குப் போகிற வழியில் பனையும் வயலும் மாறி மாறி வருகின்றன. வயல் என்றால் நம் கண்ணுக்குச் சிறியது. மழையை நம்பி ஒரு போகம். பனைதான் காமதேனு: கிழங்கு, ஒடியல், பனங்கட்டி, பனாட்டு, கள்ளு, கூரைக்கு ஓலை, வேலிக்கு மட்டை.

வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கியது. டானியல் பூர் என்ற அமெரிக்கர் தலைவர். 1829இல் வந்த ஒரு சந்திர கிரகணத்துக்கு அயலூரான அராலியின் பஞ்சாங்க கணிதர் ஒரு நேரம் குறிக்க, செமினரிக்காரர்கள் வேறு நேரம் குறிக்க, ஊரே இரவில் வானத்தைப் பார்த்து நின்றது. செமினரிக் கணக்கு சரியாக வந்தது. இங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும்தான் 1858இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். தாமோதரம்பிள்ளை பிறகு தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். விசுவநாதபிள்ளை உதயதாரகையின் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவர். ஆங்கிலம் கூடிப்போய், சமயப் பணி குறைந்துவிட்டது என்று அமெரிக்காவிலிருந்து வந்த குழு முடிவு செய்ய, 1855இல் செமினரியை மூடிவிட்டார்கள். 1872இல் அதே வளாகத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. அதன் 'மிசலனி' என்ற கல்லூரி இதழ் 1879இல் தொடங்கியது.

கல்லூரிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் வீட்டில் பள்ளி மலர்களும் சங்க இதழ்களும் இரண்டு இரும்பு அலுமாரி நிறைய இருந்தன. நான் போன உடனே அலுமாரிப் பக்கம் பார்த்ததைக் கண்டு சிரித்தார். "இருங்கோ ஐயா, முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ. பேப்பர் ஓடிப்போகாது. நாங்கள்தான் ஓடினாங்கள்." வெறும் தேத்தண்ணியோடு ஒரு துண்டு பனங்கட்டி வந்தது. கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும்.

அவர் சொன்னது, போரில் ராணுவம் நெருங்கி வந்தபோது 1995 அக்டோபர் 30இல் நடந்த இடப்பெயர்வு. இந்த ஊர்களெல்லாம் அடங்கிய வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. லட்சக்கணக்கான சனம், ஒரே ரோடு, கொட்டும் மழை. "காணி உறுதி, நகை, பிள்ளையளின்ர சேட்டிபிக்கற், இவ்வளவுதான் கையில. இவ" என்று மனைவியைக் காட்டினார், "சமையல் சாமானைக் கட்டச் சொல்லிக் கத்திறா. நான் மலர்களைக் கட்டிறன். அண்டைக்கு வாங்கின பேச்சு இண்டைக்கும் காதுக்குள்ள நிக்குது." கட்டியதை எடுத்துப் போகவும் முடியவில்லை. உரப் பையில் போட்டு, வாயைத் தைத்து, கிணற்றடிக் கொட்டிலின் கூரைக்குள் செருகிவிட்டுப் போனாராம். மாதங்கள் கழித்துத் திரும்பியபோது வீட்டில் கதவு நிலைகூட இல்லை. உரப் பை மட்டும் இருந்தது. பழைய பேப்பரை யார் களவெடுப்பார்?

அந்த அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "தாச்சியும் போச்சு, ஆட்டுக்கல்லும் போச்சு. இவற்ற பேப்பர் மட்டும் பவுத்திரமா இருந்துது." மத்தியானம் அவர் காய்ச்சிய ஒடியற் கூழ் கிடைத்தது. ஒடியல் மாவு, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் ஒரே பானையில். உறைப்பும் புளிப்பும் தலைக்கு ஏறி வியர்த்துக் கொட்டியது. தஞ்சாவூர்ச் சாம்பார் நாக்குக்கு இது வேறு உலகம்.

மலர்களைப் புரட்டிக்கொண்டு போனால் ஊர் எப்படிக் கடல் கடந்தது என்று வரிசையாகத் தெரிகிறது. முதலில் பழைய மாணவர் பகுதியில் மலாயா: கோலாலம்பூரில் ரயில்வே கிளாக்கர், ஈப்போவில் ஸ்ரேசன் மாஸ்ரர், தைப்பிங்கில் அப்போதிக்கரி. அவர்கள் ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து கல்வீடு கட்டி, 'மலாயன் பென்சனியர்' என்ற பட்டத்தோடு சைக்கிளில் திரிந்தார்கள். பிறகு கொழும்பு. 1970களுக்குப் பிறகு லண்டன், நைஜீரியா, சாம்பியா. எண்பதுகளில் மலரே மெலிந்துபோகிறது. தொண்ணூறுகளில் இடைவெளி. அதற்குப் பின் வரும் பழைய மாணவர் மலர்கள் பளபளக்கும் தாளில் டொரன்டோவில் அச்சானவை. வீடு விற்கும் தரகர்கள், கணக்காளர்கள், பல் வைத்தியர்களின் விளம்பரங்களுக்கு நடுவே ஆங்காங்கே கட்டுரை. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தக் கனடாத் தாளை விட, கல்லூரித் தோட்டத்தில் எந்த வகுப்பு எத்தனை வாழை நட்டது என்று எழுதிவைத்த பழைய அறிக்கைதான் எனக்குப் பிடித்தது.

சுன்னாகம்

வழியில் உடுவில். 1824இல் ஹேரியட் வின்ஸ்லோ தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளி இன்னும் நடக்கிறது. அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோதான் 1862இல் வெளிவந்த பெரிய தமிழ்–ஆங்கில அகராதிக்காரர். பள்ளி விட்ட நேரம். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் சைக்கிளில் சாரை சாரையாகப் போனார்கள். ஒன்றுக்கும் மோட்டார் இல்லை. எங்கள் ஊரில் இந்தக் காட்சி போய் வெகு காலம் ஆயிற்று.

சுன்னாகம் செம்மண் பூமி. வெங்காயம், மிளகாய், புகையிலை. சந்தையில் வெங்காயம் பின்னிப் பின்னித் தொங்குகிறது. யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குத்தான் போகும். அங்கே வரி கூடினால் இங்கே கல்யாணம் தள்ளிப்போகும் என்ற அளவுக்குப் பிணைப்பு. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பருவம் முடிகிற நேரம் ஆகையால் கடைசிக் குவியல் கிடைத்தது. எங்கள் ருமானியைப் பற்றி இனிப் பெருமையாகப் பேசுவதாக இல்லை.

இந்தச் சுன்னாகத்திலிருந்துதான் நா. பொன்னையா 1930இல் 'ஈழகேசரி' வார இதழைத் தொடங்கினார். திருமகள் அச்சகமும் அவருடையதே. 1958 வரை இதழ் வந்தது. இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் என்று ஈழத்துச் சிறுகதையின் முதல் வரிசைக்காரர்கள் அதில் எழுதினார்கள். இலக்கியம் படிக்கிறவர்கள் அந்தக் கதைகளுக்காக ஈழகேசரியைத் தேடுவார்கள். எனக்குக் கதைக்குப் பக்கத்தில் இருந்தவைதான் வேண்டியிருந்தன. மழை, சந்தை விலை, பள்ளி விழா, சங்கத் தேர்தல். கொழும்பில் அச்சாகும் பெரிய நாளேடு யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் வரும். 1905இல் கொழும்போடு தண்டவாளம் இணைந்த பிறகு அது வழக்கமாயிற்று. அந்த நாளேட்டில் சுன்னாகம் ஒரு மூலையில் வரும், அதுவும் கொலை நடந்தால். உள்ளூர் வார இதழில் சுன்னாகம்தான் உலகத்தின் நடு.

அந்தத் தண்டவாளத்தில் போன பிள்ளைகள் அனுப்பிய காசில்தான் குடாநாடு நிமிர்ந்தது. மணியோடர் பொருளாதாரம் என்று இவர்களே கேலியாகச் சொல்வார்கள். 1990இல் யாழ்ப்பாண ரயில் நின்றது. தண்டவாளம் பதுங்குகுழிக்குப் போனது, சிலீப்பர் கட்டைகளும் போயின. மீண்டும் யாழ் நகருக்கு ரயில் வந்தது 2014இல்.

தெல்லிப்பழை

வடக்கே போகப் போக மதில்களுக்குள் பற்றைக் காடு. 1990இல் எழுந்து போன ஊர்கள் இவை. உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து, துண்டு துண்டாகத் திரும்பக் கிடைத்தவை. கூரை இல்லாத வீட்டுக்கு நடுவே வேம்பு முளைத்து மரமாகி நிற்கிறது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் முதலில் வந்து தங்கிய இடம் இந்தத் தெல்லிப்பழைதான். மிஷன் அச்சகமும் பின்னாளில் இங்கே இயங்கியது.

இவ்வளவு தாள்களைப் புரட்டிய பிறகு என்னை உறுத்தியதைச் சொல்ல வேண்டும். இந்தச் சபை இதழ்களிலும் பள்ளி மலர்களிலும் படம் போட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு சில குடிகளைச் சேர்ந்தவர்கள். கள் இறக்கியவர், மயிர் வெட்டியவர், சலவை செய்தவர், பறை அடித்தவர் வீட்டுக் கல்யாணம் எந்தப் பத்தியிலும் இல்லை. 1930ஐ ஒட்டி, உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக உட்கார வேண்டும் என்று ஆணை வந்தபோது கிளம்பிய எதிர்ப்பில்தான் அவர்கள் தாளில் தலைகாட்டுகிறார்கள், அதுவும் பிரச்சினையாக. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்த இளைஞர் காங்கிரஸ்காரர்கள் சம ஆசனத்துக்காகவும் சம போசனத்துக்காகவும் நின்றார்கள் என்பதை மறக்கவில்லை. ஆனாலும் 1968இல், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே விடச் சொல்லிச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையை எழுத ஒரு கே. டானியல் வர வேண்டியிருந்தது. 'பஞ்சமர்' எழுதிய அவர் 1986இல் வைத்தியத்துக்காக வந்த இடத்தில் எங்கள் தஞ்சாவூரில் காலமானார். அவர் உடல் அடங்கியிருப்பதும் அங்கேதான். ஊர் இதழை நம்பி மட்டும் ஊரை அறிய முயன்றால் பாதி ஊர்தான் கிடைக்கும். மயிலாடுதுறைக் கோயில் மலர்களை எடுத்துப் பார்த்தாலும் இதே கதைதான்.

வடமராட்சி

பருத்தித்துறையில் கடல் வீட்டு வாசல் வரை வருகிறது. தட்டை வடையும் தேத்தண்ணியும் வாங்கிக்கொண்டு கடற்கரையில் நின்றேன். எதிரே கோடியக்கரை, எங்கள் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டம். இந்தக் கரையில் பிறந்த பெரியவர்கள் வள்ளத்தில் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்த கதைகளை இரு கரையிலும் கேட்கலாம்.

குடாநாட்டில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் உண்டு. ஒரு மண்டபம், நாலு வாங்கு, அன்றைய பத்திரிகைகள், கரம் பலகை, வெளியே கரப்பந்தாட்டத் திடல். வடமராட்சியில் நான் போன நிலையத்தில் பழைய அலுமாரி ஒன்றைத் திறந்து காட்டினார்கள். கையெழுத்துச் சஞ்சிகைகள். ஒரே படி. அழகான கையெழுத்து உள்ளவர் எழுதுவார். வரையத் தெரிந்தவர் அட்டை போடுவார். வாசிகசாலை மேசையில் வைத்தால் எல்லோரும் வந்து படிப்பார்கள். பின்பக்கத்தில் வாசகர்கள் அபிப்பிராயம் எழுத வெற்றுத் தாள்கள். ஒரு இதழில் கதை எழுதியவரை அபிப்பிராயப் பக்கத்தில் ஒருவர் கிழி கிழியென்று கிழித்திருக்கிறார். அதற்குக் கீழே கதாசிரியரின் பதில், அதற்கும் கீழே மூன்றாவது ஆளின் சமாதானம். இன்னொன்றில் கூட்டக் குறிப்பு: பெற்றோல்மாக்ஸ் மென்டிலை உடைத்தவர் இன்னும் காசு கட்டவில்லை.

கூட இருந்த நடுவயதுக்காரர் அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார். "உது எங்கட பெரியப்பாதான். சாகுமட்டும் கட்டேல்லை."

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்துத் தாள்களும் அங்கே இருந்தன. அச்சுத்தாள் வருவது நின்றபோது நாளிதழ்கள் பள்ளிக் கொப்பித் தாளில் அச்சாயின. கோடு போட்ட தாளில் செய்தி. மண்ணெண்ணெய் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்களாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்களாம். அந்தச் சிறிய தாளிலும் மரண அறிவித்தலுக்கு இடம் இருக்கிறது. பூப்புனித நீராட்டு விழாவுக்கு வாழ்த்தும் இருக்கிறது.

இன்னொரு தட்டு நிறையக் கல்வெட்டுகள். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் குடும்பத்தார் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலருக்கு இங்கே அந்தப் பெயர். தேவாரம், திருவாசகம், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, பேரப்பிள்ளைகளின் புலம்பல், கடைசியில் வம்சாவளி. எந்தப் பெண் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள், யார் எந்தப் பள்ளியில் படிப்பித்தார், யார் எந்த ஆண்டு காணாமற்போனார் என்று எல்லாம் அதில் உண்டு. நூலகம் அமைப்பினர் இவற்றையும் மின்படி எடுத்துவருகிறார்கள். என் மதிப்பில் குடாநாட்டின் சமூக வரலாற்றுக்கு இவற்றைவிட நேர்மையான ஆவணம் குறைவு. இறந்தவரைப் புகழும் பத்திகளை விட்டுவிட்டால் மீதி அத்தனையும் தகவல். இப்போது எல்லாச் சாதி வீட்டிலும் கல்வெட்டு அச்சிடுகிறார்கள் என்பதும் சேர்த்துச் சொல்லத்தக்கது.

நிலையத்தின் செயலாளர் ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருப்பார். சஞ்சிகைகளை எல்லாம் கைப்பேசியிலேயே படம் எடுத்து முடித்திருந்தார். "ஐயா, உங்கட ஊரில உப்பிடி இருக்குதோ?" என்று கேட்டார். இருந்தது என்றேன். எங்கள் தெருவிலும் வாலிபர் சங்கம் இருந்தது, கையெழுத்து இதழ் இருந்தது, கோயில் உற்சவக் கணக்கு வருஷா வருஷம் அச்சாகும். குண்டு விழவில்லை, தீ வைக்கவில்லை, ஒருவரும் ஓடவில்லை. எல்லாவற்றையும் நாங்களே எடைக்குப் போட்டோம்.

இதைப் படிக்கிறவர்களின் வீட்டுப் பரணிலும் ஒரு கட்டு இருக்கலாம்: பள்ளி ஆண்டு மலர், சங்க அறிக்கை, கும்பாபிஷேக மலர், நின்றுபோன உள்ளூர் இதழ். பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிடும் முன் ஒரு நாள் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது. அதுவும் தூரம் என்றால் கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஊர், ஆண்டு, யார் நடத்தியது என்று மூன்று விவரம் எழுதி, நாலு பேரிடம் கொடுத்து வையுங்கள்.